மாமா சொன்ன இரண்டு ஆமாம்

வத்தல் மிளகாய் மிதந்து கடல் சிவந்துபோனதை நான் என் எட்டாவது வயதில் பார்த்தேன். ஐப்பசி மழை ஓய்ந்திருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு காலை. அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து சிவப்பு மெல்ல மெல்லக் கரையை நோக்கி வந்தது. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது மணலில் ஒரு சிவப்பு வரியை விட்டுப் போனது. நிஜமாகவே நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று இப்போதும் சில நேரம் எனக்குச் சந்தேகம் வரும். அப்போதெல்லாம் அந்த நெடியை நினைத்துக்கொள்வேன். கனவில் யாருக்கும் தும்மல் வருவதில்லை.

அந்த மிளகாயைக் கடலில் கொட்டச் சொன்னவர் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணி ஒன்றில் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்கிறவர். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் பாய் விரித்துப் போய்க்கொண்டுதான் இருந்தன. மாமாவுக்குக் குடும்பம் இல்லை. கரையில் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில்தான் இருப்பார். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சோப்புக்கட்டி கொண்டுவருவார். அதைக் குளிக்கக் கொடுக்காமல், முகர்ந்து பார்ப்பதற்கென்றே நான் வைத்திருப்பேன்.

அந்தப் பயணத்தில் அவர் வெறுங்கையோடு வந்தார். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு காற்று திரும்பியிருக்கிறது. பாய் கிழிந்து, தோணிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. மூட்டைகளைத் தள்ளினால்தான் தோணி நிமிரும் என்று ஆட்கள் சொல்லியும் மாமா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு தள்ளச் சொல்லியிருக்கிறார். தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு அலை வந்து சூசை அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. சூசை அண்ணன் அந்தத் தோணியில் சமையல் பார்த்தவர். மூட்டையெல்லாம் போய், தோணி நிமிர்ந்து, கொஞ்ச நேரத்திலேயே காற்றும் அடங்கிவிட்டது. இதை மாமா ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார். பிசைந்த சோற்றை அவர் சாப்பிடவில்லை.

மிளகாய் கரை ஒதுங்கியதும் எங்கள் தெருப் பெண்கள் கூடைகளோடு இறங்கிவிட்டார்கள். கூரை, மதில், படகின் முதுகு என்று வெயில் விழுந்த இடமெல்லாம் வத்தல் காய்ந்தது. எங்கள் பகுதியே சிவப்பாகி, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார்கள். யார் அழுதார்கள், யாருக்கு நெடி என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் மட்டும் அந்த வத்தலை அம்மா ஒன்றுகூட உள்ளே விடவில்லை. களவு செய்யாதே என்கிற ஏழாம் கட்டளைக்குப் பயந்துதான் என்று நான் பெருமையாக நினைத்தேன். உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமாவை நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கட்டளைகள் எனக்கு அப்போது தலைகீழ்ப் பாடம். அந்த வருடம் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. மாலையில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த மடத்து மதர், கரும்பலகையில் நடுவாக ஒரு கோடு போடுவார்கள். இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் பாவம். நாங்கள் ஒவ்வொரு காரியமாகச் சொல்ல, மதர் அதை எடுத்து அதனதன் பக்கத்தில் எழுதுவார்கள். கோட்டின் மேலே எதுவும் எழுதப்பட்டதில்லை. யார் செய்தாலும் பாவம் பாவம்தான், யார் பார்த்தாலும் அப்படித்தான் என்பார்கள். எனக்கு அந்தக் கோட்டை மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நான் மனதுக்குள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரித்துக்கொண்டே வருவேன்.

மாமாவை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அம்மா எனக்குத் தலை வாரும்போது கேட்டேன். "மாமா செஞ்சது நல்லதாம்மா, கெட்டதா?"

"உங்க மாமா உசுரோட வந்திருக்காவ. எனக்கு அது போதும்," என்றாள் அம்மா.

"சூசை அண்ணன் வரலியே?"

அம்மா எண்ணெயை என் உச்சியில் அழுத்தித் தேய்த்தாள். வலித்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் வத்தல் வியாபாரி அண்ணாச்சி வந்தார். மெலிந்த மனிதர். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, மாமாவுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"உம்மேல குத்தம் சொல்ல வரல தண்டல். ஆனா அது என் வத்தல் இல்ல பாத்துக்கிடும். விளாத்திகுளத்துப் பக்கத்துச் சம்சாரிக வெளைய வச்சு, என்னை நம்பி ஏத்திவிட்டது. அவ்வளவு பேரு உழைப்பு. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தீருன்னா, காத்து தானா அடங்கியிருக்கும்லா?"

மாமா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி. பொறுத்திருக்கலாம்," என்றார்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அம்மா கொடுத்த காப்பியை வேண்டாம் என்று சொல்லாமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்றே வெயில் தாழ்ந்தபோது சூசை அண்ணனின் மனைவி வந்தாள். இடுப்பில் பிள்ளை இருந்தது. கூட வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவளை உட்காரச் சொன்னாள் அம்மா. அவள் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணே," என்றாள் மாமாவிடம். "ஒரு மணி நேரம் முந்தி மூட்டையத் தள்ளச் சொல்லியிருந்தா, அவுக அந்தப் பெரிய அலையில மேல நின்னுருக்க வேண்டாம்லா? வத்தல் போயிருமேன்னு பாத்துக்கிட்டு நின்னியளா?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. வழி கேட்கிறவள்போலக் கேட்டாள். பிள்ளை மாமாவின் பக்கம் கையை நீட்டியது.

"ஆமா தாயி," என்றார் மாமா. "பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். முந்தியே தள்ளியிருக்கணும்."

அவள் தலையசைத்தாள். பிள்ளையின் நீட்டிய கையை மடக்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவர்கள் போன பிறகு வெளிச்சம் மஞ்சளாகி அறைக்குள் வந்து, மாமாவின் பாதங்கள் வரைக்கும் ஏறி நின்றது. அவர் அசையவே இல்லை. ஒரு படத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்போல இருந்தார். கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருப்பவராகத் தெரிந்தார்.

அடுத்த பருவத்தில் அதே அண்ணாச்சி, மாமாவின் தோணிதான் வேண்டும் என்று காத்திருந்து சரக்கு ஏற்றினார். சூசை அண்ணனின் மனைவி அதற்குப் பிறகு மாமாவோடு பேசவில்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வார்கள். மாமா கடைசிவரைக்கும் தன் பக்கத்து நியாயம் என்று யாரிடமும் எதையும் சொன்னதில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அந்த வாரத்தில் என் கவலை வேறு. அண்ணாச்சியிடம் பொறுத்திருக்கலாம் என்றவர், இவளிடம் முந்தியே தள்ளியிருக்கணும் என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? இரண்டு பேரில் ஒருவரிடம் மாமா பொய் சொல்லியிருக்கிறார். பொய் எந்தப் பக்கம் என்பதில் மதருக்கும் எனக்கும் சந்தேகமே கிடையாது.

சனிக்கிழமை என் முதல் பாவசங்கீர்த்தனம். மரக் கூண்டின் வலைக்குப் பின்னால் பங்குச் சாமியாரின் காது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. என் பாவங்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, "எங்க மாமா ஒரு பொய் சொல்லிட்டாங்க சாமி. யாருகிட்டன்னுதான் தெரியல," என்றேன்.

உள்ளே சாமியார் தும்மினார். அவருடைய குசினி அடுப்பின் பக்கத்திலும் அந்த வத்தல் காய்ந்துகொண்டிருந்ததை ஊரே அறியும். பிறகு, எந்த மாமா என்று கேட்டார். சொன்னேன்.

"அவங்கவங்க பாவத்தை அவங்கவங்கதாம்மா சொல்லணும்," என்றார். "உன் பாவத்துக்கு மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு. போ."

பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு மூன்றையும் சொல்லி முடித்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. மாமாவுக்காகவும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் எந்தப் பொய்யை மன்னிக்கச் சொல்வது? அந்த இரண்டில் எது பொய்யோ அதற்காக என்று மாதாவிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவளுக்காவது எது என்று தெரிந்திருக்கும் என்று முழுதாக நம்பினேன்.