அடியில் ஒட்டிய இரண்டு பீக்குகள்

துறைமுகச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் நான் அப்போது தற்காலிகம்தான். கப்பலில் வரும் சால்வென்ட் என்னும் கரைப்பானில் என்ன கலந்திருக்கிறது என்று, கலவையைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமேட்டோகிராபி கருவியில் பார்ப்பது வேலை. ஒரு மாதிரி ஓடி முடிய அரை மணி நேரமாகும். அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டினால் வேலையை நிரந்தரமாக்கப் பேசுகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

கருவியின் சூட்டை ஏற்றினேன். மாதிரியில் கலந்திருந்து, உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளில் ஆற அமர வந்துகொண்டிருந்த இரண்டு பொருட்களும், திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் மாதிரி முண்டியடித்து வெளியே வந்தன. நேரம் பாதியாகிவிட்டது. இனி இரண்டும் சரியாகப் பிரிந்திருக்கின்றன என்று கணக்குக் காட்ட வேண்டும். எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்று சொல்லும் எண்ணான ரெசல்யூஷன் ஒன்றரைக்குக் குறையக் கூடாது. திரையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குன்று மாதிரி எழும் பீக் இரண்டும் வந்த நேரங்களின் வித்தியாசத்தை இரண்டால் பெருக்கி, அவற்றின் அகலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தேன். விடை இரண்டு. எனக்குள் ஒரு விஞ்ஞானி இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஆபீஸ் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

பக்கத்து மேஜை அக்கா மக்ரூனை மென்றபடி என் திரையை எட்டிப் பார்த்தார்.

“ஏளா, ரெண்டும் அடியில ஒட்டிக்கிட்டுல்லா கெடக்கு. அகலத்த எங்கன அளந்த?”

பாதி உயரத்தில் அளந்திருந்தேன். மென்பொருள் அதைத்தான் தந்தது, நானும் கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் இரண்டால் பெருக்குவது அடியில் அளந்த அகலத்துக்கு. பாதி உயரத்து அகலம் என்றால் 1.18ஆல்தான் பெருக்க வேண்டும். பெருக்கினேன். ஒன்றரையைத் தொடவில்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்திருந்தால் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

அதற்குள் மேனேஜர் முதலாளியிடம் என் சாதனையைப் பெருமையாகச் சொல்லிவிட்டாராம். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பீக் இரண்டும் நன்றாக விலகிய பிறகு மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சரியாகப் பிரிய இப்போது எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டார்.

“இருபத்தெட்டு நிமிஷம் சார்.”

மேனேஜர் முப்பதிலிருந்து இருபத்தெட்டைக் கழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நிரந்தரமாக்கச் சொல்லிட்டேன்மா. ஒன்ன வெளிய விட்டா, போற எடத்துலயும் இதே கணக்கத்தான போடுவ.”

என் வேலையைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். கண் கலங்க வாங்கிக்கொண்டேன்.