முந்தானையால் மூடிய வாய்

அறுபதுகளில், வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில் மாதா கோயிலை ஒட்டி இருந்தது எங்கள் ஊர். திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால், அது இறங்கும்வரை ஊரில் யாரும் ஒப்பாரி வைக்கக் கூடாது. சாவு விழுந்தாலும் மேளம் கிடையாது. சத்தமில்லாமல் அடக்கம் செய்துவிட்டுப் பந்தலுக்கு வந்துவிட வேண்டும். யார் போட்ட சட்டமோ, மீற ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

கொடி ஏறிய மறுநாள் என் தம்பி ஜுரத்தில் போய்விட்டான். சின்னப் பிள்ளை, பேச்சு இன்னும் திருந்தவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் துணியில் சுற்றித் தூக்கிப் போனார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். கோயில் சுவரில் படம் வரையக் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த ஓவியருக்கு ஊரில் வீட்டுக்கு ஒரு நாள் முறைச் சோறு. அன்று எங்கள் வீட்டு முறை. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயது. எனக்கு அழுகையே வரவில்லை. ஓவியருக்கு இலை போட்டேன்.

ஓவியர் கை கழுவும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னாம்மா, வூட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"தம்பி" என்றேன். அவர் திரும்பி அடுப்படியில் இருந்த அம்மாவைப் பார்த்தார்.

அவர் வரைந்தது பைபிளில் வரும் கானாவூர் கல்யாணம், ஏசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய விருந்து. விருந்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சிரித்த முகம். மாப்பிள்ளைக்குப் பல்வரிசை முழுக்கத் தெரிந்தது. தண்ணீர்ச் சாடிகளுக்குப் பக்கத்தில் குனிந்து பரிமாறும் ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். அது என் அம்மா. கண்ணைப் பார்த்தால் அழுகிறாள் என்று தெரிந்துவிடும், ஊரார் கண்ணைப் பார்த்தால்தானே. "வெக்கத்துல சிரிக்குது பாரு" என்று கூடி நின்று ரசித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் கொடி இன்னும் மேலேதான் இருந்தது. அம்மாவும் வந்து அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

கொடி இறங்கிய அன்று சாயங்காலம் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இனிமேல் அழலாம், தடை இல்லை. அம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுதவர்களின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி, கல்லு மாதிரி குந்திகினு கீறே? பெத்த புள்ளைக்கு அழமாட்டியா?"

அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"கோயில் செவுத்துல அழுதுகினுதான் கீறேன், அண்ணி. நீங்கதான் சிரிக்கிறேன்னு சொன்னீங்க."