முருகன் போட்ட செருப்பு

என் கணவரின் வலது காலை எடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. டாக்டர் அரைநாளில் வெட்டினார். நான் ஆறு வருஷம் கருப்பட்டி காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். மில்லர்புரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே, வீட்டிலிருந்த சீனி டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தேன்.

"சீனிதான் விஷம். கருப்பட்டி ஒண்ணும் செய்யாது. மூணு வேளையும் குடிங்க" என்றேன்.

அவருடைய அப்பாவும் இதே நோயில்தான் முதலில் கண் போய், பிறகு கிட்னி போய்ச் செத்தார். அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்தில் அவர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நான் தடுக்கவில்லை. டாக்டரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்ற திமிர்தான், வேறென்ன.

காலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று கொஞ்ச நாள் சொன்னார். பிறகு அதுவும் நின்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஒருநாள் மதியம் ஒற்றைச் செருப்போடு கடையிலிருந்து வந்து நின்றார். இன்னொன்று எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வருஷம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனோம். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். சாகுபுரம் தாண்டும்போது உச்சி வெயில். தார் ரோடு தோசைக்கல்லாகக் காய்ந்தது. நான் ரோட்டோர மண்ணில் தத்தித் தத்திப் போனேன். அவர் தாரின் மேலேயே கையை வீசி நடந்தார்.

"ஏளா, என்ன நொண்டுத?"

"உங்களுக்குச் சுடலையா?"

"ஒண்ணுமே தெரியலளா."

கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணாச்சிக்கு முருகனே செருப்பு மாட்டி விட்டிருக்கான்" என்றாள். மோர்ப் பந்தலில் இரண்டு பேர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பாதத்துக் கொப்புளங்களைப் பார்த்து என் பக்தியையே சந்தேகப்பட்டேன்.

கடலில் குளித்துவிட்டு மணலில் உட்கார்ந்தபோதுதான் அவர் வலது பாதத்தைப் பார்த்தேன். குதிகால் தோல் உரிந்து தொங்கியது. உள்ளே சதை வெளுத்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு சிப்பித் துண்டு ஆழமாகக் குத்தி நின்றது. பிடித்து இழுத்தேன். ரத்தம் வந்தது. அவர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பக்கூட இல்லை.

சிப்பியை மணலுக்குள் தள்ளி மூடினேன். முருகன் கொடுத்த பெயரை டாக்டரிடம் கொண்டுபோய் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று, ஐந்து நாள் வீட்டிலேயே மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினேன். ஆறாம் நாள் விரல் கறுத்தது. அறைக்குள் அழுகிய மீன் வாடை அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் குத்திப் பார்க்க ஊசியை எடுத்தார். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "குத்துங்கம்மா" என்றார். அதற்குள் குத்தி முடித்து ஊசியையும் கீழே வைத்திருந்தார் அந்தப் பெண்.

"உடம்புலயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போறதுதாம்மா. சுகர் ஏறிட்டே இருந்தா முதல்ல அதுதான் செத்துப்போகும். ரத்தக் குழாயும் அடைச்சிருக்கு. ரத்தம் போகாத இடத்துல புண்ணு எப்படி ஆறும்?"

"கருப்பட்டிதான டாக்டர் குடிச்சாவ."

"அதுவும் சுகர்தாம்மா."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "முதல்லயே காட்டிருக்கலாம்லா" என்றாள். முருகன் மாட்டிவிட்ட செருப்பைப் பற்றிப் பேசவில்லை. அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. நெரிக்க வேண்டிய கழுத்து என்னுடையது என்பதும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏளா, குதிகால் எரியுது. தாங்க முடியல. வலது குதிகால்."

போர்வையில் அந்த இடம் தட்டையாகக் கிடந்தது. வெட்டுப்பட்ட நரம்பு கால் இருப்பதாகவே மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில் வலிக்கும் என்று நர்ஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"தார் ரோட்டுல நிக்கிற மாதிரி சுடுதுளா. கொஞ்சம் ஊதி விடு."

நான் குனிந்து, வெறும் போர்வையை ஊதினேன்.