எந்தக் காட்டு எண்ணெய்?

அற்புதம் கல்யாணமாகிக் கோயமுத்தூரில் சுங்கம் பகுதிக்கு வந்த புதிதிலேயே, கணவன் பாக்கியசாமி தன் பேக்கரியில் சாமான் வாங்கும் வேலையை அவளிடம் விட்டுவிட்டான். அவனுக்கு அடுப்புப் பக்கம் நிற்கத்தான் பிடிக்கும். வியாபாரிகளிடம் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். அற்புதம் நேர் எதிர். மைதாவில் வண்டு இருந்தால் மூட்டையை அப்படியே திருப்பி அனுப்புவாள். அனுப்பிவிட்டு, கொண்டுவந்தவருக்கு டீயும் வாங்கிக் கொடுப்பாள்.

அவர்கள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது, அடுக்கடுக்காக மொறுமொறுக்கும் வர்க்கி. சரவணம்பட்டியிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, ஊழியர்களின் சாயங்கால டீக்கு அங்கிருந்துதான் வர்க்கி எடுத்தது. ஒருநாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஹர்ஷிணி என்ற பெண் கடைக்கு வந்தாள். கம்பெனி வாங்கும் பொருளெல்லாம் எங்கே விளைந்தது என்று பார்ப்பது அவள் வேலை.

"ஆன்ட்டி, வர்க்கிக்கு என்ன கொழுப்பு போடறீங்க?"

"வனஸ்பதிங்க அம்மணி. ஏனுங், வாடை எதாச்சும் வருதுங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. வனஸ்பதி பாமாயில்ல செய்யறது. அந்தப் பாமாயில் எங்கிருந்து வருதுன்னு தெரியுங்களா?"

"உக்கடம் மார்க்கெட்டுல இருந்துங்க."

ஹர்ஷிணி சிரிக்கவில்லை. கடல்கடந்த ஏதோ தீவில் எடுத்த வீடியோவைச் செல்போனில் காட்டினாள். கண்ணுக்கெட்டிய மட்டும் காடு. அப்புறம் புகை. அப்புறம் அதே இடத்தில் வரிசை வரிசையாக எண்ணெய்ப் பனை. காட்டை அழித்த நிலத்தில் விளைந்த எதையும் இனி வாங்குவதில்லை என்று கம்பெனி முடிவெடுத்திருக்கிறது, கம்பெனியில் பணம் போட்டவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றாள்.

பக்கத்து ஆனைகட்டி மலையில் தீப்பிடித்தால் அற்புதத்துக்குப் பதறும். கடலுக்கு அந்தப் பக்கம் எரிகிற காட்டுக்கும் தன் கடை வர்க்கிக்கும் என்ன உறவு என்று அன்றுவரை அவள் நினைத்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையிலும் அந்தப் புகையே கண்ணில் நின்றது; சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமையே பாமாயில் வனஸ்பதியை நிறுத்தினாள். வெண்ணெயில் போட்டுப் பார்த்தார்கள். சித்திரை வெயிலில் அது கையிலேயே உருகி, மடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயில் போட்டார்கள். வாங்கிப்போனவர்கள் தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசம் வருகிறது என்றார்கள். சூரியகாந்தி எண்ணெயில் அடுக்கே எழவில்லை. இருந்தாலும் அற்புதம் பழைய டின்னுக்குத் திரும்பவில்லை. ஹர்ஷிணிக்குப் போன் போட்டாள்.

"அம்மணி, பாமாயிலையே உட்டுப்போட்டேனுங்க."

ஹர்ஷிணி அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"விடச் சொல்லலைங்க ஆன்ட்டி. எல்லாரும் வேற எண்ணெய்க்குப் போனா அதுக்கு இன்னும் அதிகமா நிலம் வேணும். அதுக்கும் எங்காவது காட்டைத்தான் வெட்டுவாங்க. கொஞ்ச நிலத்துல நிறைய எண்ணெய் தர்றது பனைதான்."

"அப்பப் பனை நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"எங்க நட்டிருக்காங்கங்கறதைப் பொறுத்துங்க."

அற்புதம் போனை வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்களுக்கு ரொட்டிக்குப் பதில் ரஸ்க்கைக் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் உக்கடம் போனாள். எண்ணெய் மொத்த வியாபாரி அமீர் ஹம்சா அவளுக்கு வெகுநாள் பழக்கம். காடழிக்காத தோட்டத்து எண்ணெயாகக் கிடைக்குமா என்று அவள் கேட்டதும் அவர் தாடியைத் தடவினார்.

"ஏனுங்க்கா, கப்பல்ல வந்து பெரிய டாங்குல ஒண்ணா எறங்குது. அதுல எந்தச் சொட்டு எந்தக் காட்டுதுன்னு யாரு கண்டா? இருங்க, விசாரிச்சுச் சொல்றேன்."

நாலைந்து நாளில் அவரே வனஸ்பதி செய்யும் ஆலையில் பேசி, முத்திரை குத்திய டின்களை வரவழைத்தார். காடழிக்காத தோட்டங்களுக்குக் கொடுக்கிற முத்திரை. அற்புதத்துக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி டின்னை ஆட்டோவில் ஏற்றும்வரைகூட நிற்கவில்லை.

"ஒண்ணு மறைக்கக்கூடாதுங்க்கா," என்றார் அமீர் ஹம்சா. "இந்த டின்னுல இருக்கறது அந்த நல்ல தோட்டத்து எண்ணெதான்னு அர்த்தமில்லீங்க. நீங்க வாங்கற அளவுக்கு ஆலைக்காரங்க அங்க வாங்கியிருப்பாங்க. ஆனா டாங்குல எல்லாத்தையும் ஒண்ணாத்தான் ஊத்தறாங்க."

வீட்டில் பாக்கியசாமிக்கு அவள் விளக்கப் பார்த்தாள். "சொசைட்டிக் கேன்ல எல்லார் ஊட்டுப் பாலையும் ஒண்ணா ஊத்தறாங்கல்லீங்க, அந்த மாதிரி. நாம நல்ல மாட்டுப் பாலுக்குக் காசு குடுக்கறோம். நமக்கு வர்றது எந்த மாட்டுப் பாலோ."

"அது ஏமாத்து இல்லியா?"

"இல்லைங்கறாங்க. காசு நல்ல எடத்துக்குத்தான் போகுதாம்."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"சொல்றப்போ புரியுதுங்க. சொல்லி முடிச்சதும் புரியலீங்க."

முத்திரை டின் வனஸ்பதியில் செய்த வர்க்கி கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து பச்சை ஸ்டிக்கர் வந்தது. 'காட்டைக் காக்கும் வர்க்கி' என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பாக்கெட்டில் ஒட்ட வேண்டுமாம். அற்புதம் ஸ்டிக்கர் கட்டை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டிக்கே போனாள்.

"அம்மணி, இதை என்னால ஒட்ட முடியாதுங்க. காக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி எப்படிங்க விக்கறது?"

ஹர்ஷிணி ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் முழுசாத் தெரியாதுங்க ஆன்ட்டி. நிறையப் பேர் கேட்டாத்தான் ஆலைக்காரங்க தனியாப் பிரிச்சு வைப்பாங்க. அது மட்டும் தெரியும்."

மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. வர்க்கி எடுப்பதை நிறுத்தினார்கள். பாக்கியசாமி அடுப்புக் கதவைப் படார் படாரென்று சாத்தினான். தான் செய்தது நேர்மையா, வெறும் வீம்பா என்று அற்புதத்துக்கே பிடிபடவில்லை. ஒரு ஸ்டிக்கர்தானே, ஒட்டியிருக்கலாமோ என்று ஜெபமாலைக்கு நடுவிலும் தோன்றியது.

ஆனாலும் 'நிறையப் பேர் கேட்டாத்தான்' என்று ஹர்ஷிணி சொன்னது அவளை விடவில்லை. சுங்கத்திலும் புலியகுளத்திலும் தெரிந்த பேக்கரிக்காரர்களைப் போய்ப் பார்த்தாள். சிலர் சிரித்தார்கள். சிலர் விலை கூடுமே என்றார்கள். சிலர் சரி என்றார்கள். சரி என்றவர்களுக்கெல்லாம் சேர்த்து, பிரித்து வைத்த எண்ணெய்தான் வேண்டும் என்று அமீர் ஹம்சா ஆலையில் கேட்டார். இதற்கிடையில் ஹர்ஷிணியும் கம்பெனிக்குள் மல்லுக்கட்டி ஸ்டிக்கரைக் கைவிட வைத்தாள். ஆர்டர் திரும்ப வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.

ஐப்பசியில் ஒரு மழைநாளில், தனியாகப் பிரித்த எண்ணெயில் செய்த முதல் வனஸ்பதி டின்கள் கடைக்கு வந்தன. சோதனைக்காக அனுப்பியது. தொடர்ந்து தருவதா என்பது இன்னும் எத்தனை கடை சேருகிறது என்பதைப் பொறுத்தது என்று ஆலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பாக்கியசாமி முதல் தட்டு வர்க்கியைச் சூடாகக் கொண்டுவந்து அவள் முன் வைத்தான்.

அற்புதம் ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். நேற்று சாப்பிட்ட வர்க்கி மாதிரியேதான் இருந்தது.

"எப்படி இருக்குது?"

"ஒரு வித்தியாசமும் இல்லீங்க," என்றாள். அதில் தனக்குச் சந்தோஷமா ஏமாற்றமா என்று தெரியாமல், இன்னொன்றை எடுத்து டீயில் நனைத்தாள்.