டால்பின் நோஸ் சாலையில் நான் கொடுத்த சைடு

குன்னூருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் கோப்புகளைப் பற்றிப் பேசுவார்கள். அறைக்கு வந்துவிட்டால் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்ப நீளம். முப்பத்தெட்டு வயதில் நான் சைக்கிள் பழகியது அந்த நீளத்தைக் குறைக்கத்தான். ஆறு வாரம் மைதானத்தில் நன்றாகவே ஓட்டினேன். சாலைக்கு வந்தால் மட்டும், பின்னால் ஹார்ன் கேட்டதும் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும்.

போன ஞாயிறு ஒரு முடிவோடு கிளம்பினேன். வண்டிக்குப் பயந்து ஒருமுறைகூட இறங்காமல் டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் சைக்கிளை விற்றுவிட வேண்டியதுதான். வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தேன். (மூச்சு வாங்கி இறங்குவது கணக்கில் சேராது. மேடு அப்படி!)

சிம்ஸ் பூங்கா வாசலில் காலை 7.40. அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். இந்தப் பாதையைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், வழி நெடுகத் தேயிலைத் தோட்டம், இலை பறிக்கிறவர்கள் இருப்பார்கள், துணைக்கு ஆச்சு என்ற நினைப்பு. நினைப்புதான். பச்சை இலைக்கு விலை இல்லாமல் போனதில் பல தோட்டங்களில் பறிப்பையே நிறுத்தியிருக்கிறார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடி நெஞ்சளவு வளர்ந்து நிற்கிறது. மூன்று கிலோமீட்டர் வரை ஓர் ஆளைப் பார்க்கவில்லை. மூன்று வண்டிகள் தாண்டிப் போயின. ஓரத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இறங்காமல் சமாளித்தேன்.

நாலாவது கிலோமீட்டரில், வலப்பக்கச் சரிவில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா நின்றிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வலது கையைத் தூக்கி நன்றாக ஆட்டினேன். அந்த நொடி, பின்னால் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்த, தேயிலை மூட்டை ஏற்றும் வேன் ஒன்று என்னைத் தாண்டி வளைவுக்குள் பாய்ந்தது. எதிரே ஒரு ஜீப். இரண்டும் கிறீச்சிட்டு ஒரு முழ இடைவெளியில் நின்றன. நான் சைக்கிளோடு வடிகாலில் கிடந்தேன்.

ஜீப்காரர் திட்டிவிட்டுப் போனார். வேன் ஓட்டுநர் இறங்கி வந்தார். நாற்பதைத் தாண்டியவர், கழுத்தில் மப்ளர்.

"ஏனுங்க, சைடு குடுத்துட்டு இப்படி விழுந்து கெடக்கறீங்க?"

"நான் எங்கே சைடு கொடுத்தேன்?"

"வலது கைய ஆட்டுனீங்களே. முன்னாடி ஒண்ணும் வல்ல, தாண்டிப் போன்னுதானுங்க அர்த்தம்?"

"அந்த அம்மாவுக்கு டாட்டா காட்டினேன்."

அவர் சரிவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அது பொம்மைங்க. தேயிலையப் புடுங்கிப் போட்டுட்டு கேரட் வெச்சிருக்காங்க. காட்டெருமைக்கு வேண்டி ஸ்வெட்டர மாட்டி நிறுத்தியிருக்குது. இங்க பறிச்சவங்கெல்லாம் திருப்பூர் போயி மூணு மாசம் ஆச்சுங்க."

முழங்கால் எரிந்தது. அதைவிட அதிகமாக எரிந்தது வேறொன்று. துணிப் பொம்மைக்கு அப்படிக் கையாட்டியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. சைக்கிளை வேனில் ஏற்றிக் குன்னூரில் விட முடியுமா என்று கேட்டேன்.

"ஏத்தலாமுங்க. லோடுதான் பாதிகூட இல்லியே. ஆனா இன்னிக்கு ஏத்துனா அப்பறம் நீங்க ஓட்ட மாட்டீங்க." முன்சக்கரத்தைக் கால்களுக்கு இடையில் பிடித்து, கோணியிருந்த ஹேண்டிலை நேராக்கினார். "ஓரத்துல போவாதீங்க. ஓரமாப் போனா எடம் இருக்குதுன்னு நாங்க பூந்துருவோம். ரெண்டடி உள்ள வாங்க, நாங்க காத்துக்குவோம். வளைவுல பெல்லு கேக்காது. வாயில சத்தம் போடுங்க."

"என்னவென்று?"

"வர்றேங்கன்னு. வேறென்ன?"

தேயிலை ஃபேக்டரிக்குப் பிரியும் இடம் வரை இரண்டு கிலோமீட்டர், என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். சாலையின் நடுவாக்கில் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு எனக்காக அவர் ஹார்ன் அடித்தார். பயம் போகவில்லை, ஆனால் கால் தரைக்கு வரவில்லை. பிரிவில் வேன் திரும்பியதும் அந்தச் சத்தம் நின்றுபோனது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மீதி நாலு கிலோமீட்டர் நானும் பனிமூட்டமும்தான். முதல் வளைவில் குரல் எழும்பவில்லை. இரண்டாவதில் "வர்றேங்க!" என்று கத்தினேன். எனக்கே புதிதாக இருந்தது என் குரல். எதிரே இரண்டு கார்கள் வந்தன. வளைவுக்கு முன்பே ஹார்ன் அடித்துப் பதில் சொல்லி, ஒதுங்கி நின்று வழிவிட்டன. 9.50க்குப் போய்ச் சேர்ந்தேன். மூட்டத்தில் அருவியும் தெரியவில்லை, பள்ளத்தாக்கும் தெரியவில்லை. டீயும் பன்னும் பதினைந்து ரூபாய். பக்கத்து மேசைக் குடும்பம் மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. என்னை எடுக்க யாருமில்லை. சைக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதை விற்கவில்லை. (விழுந்தது இறங்கியதில் சேராது.)

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் கிளம்புங்கள், பத்துக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும். பிரேக் கட்டை புதிதாக இருக்கட்டும். இங்கே வலது கையை ஆட்டினால் அது வணக்கம் இல்லை, மறக்காதீர்கள். ஒவ்வொரு வளைவிலும் வாய்விட்டுக் கத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். கத்திவிட்டுக் கொஞ்சம் காது கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் யாருமில்லை என்று அர்த்தம். தைரியமாகப் போகலாம்.