கிராணியார் வீட்டுக் கல்யாண மெத்தை

கதிரவேலுக் கிராணியார் உலகத்தில் இருவரை உயிராக நேசித்தார். ஒருவர் துப்பாக்கி. மற்றவர் மனைவி புஷ்பராணி. வரிசையை மாற்றிச் சொன்னால் அவருக்கே கோபம் வரும்.

மலேசியாவில், தாப்பாவுக்குத் தெற்கே, ரப்பரை வெட்டிவிட்டுக் கொக்கோ நட்ட தோட்டம் ஒன்றில் அவர் தலைமைக் கிராணி, அதாவது ஆபீசின் மூத்த கணக்கப்பிள்ளை. ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற துப்பாக்கி அது. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, பட்டாணி அளவு ஈயக்குண்டைத் துணித்துண்டில் வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கவேண்டும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே அணில் ஒரு கொக்கோக் காயைத் தின்று, வாய் துடைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் போலீஸ் லைசென்ஸ் இருந்தது அந்த அணில்களைச் சுடத்தான். பத்து ஆண்டில் செத்தது ஒரே அணில். அதுவும் சத்தத்தில் பயந்து விழுந்ததாகத் தோட்டத்தில் ஒரு கட்சி உண்டு.

1979இல் புது மானேஜர் சதாசிவம் வந்தார்.

"கிராணி, நான் கடிதம் கொடுத்தாத்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பாங்க. மாசக் கடைசி ஞாயிறு, முப்பது கஜத்துல பால் டின். மூணு வெடி. ஒண்ணாவது படணும். இல்லேன்னா துப்பாக்கியப் போலீசுல ஒப்படைச்சிடுங்க."

அன்றிரவு கிராணியார் சாப்பிடவில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி உருகியதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கினார். இருமல் மருந்து மூடியால் வெடிமருந்தை அளந்தார். கொஞ்சம் கூட்டினால் குண்டு இடப்பக்கம் போனது. குறைத்தால் மண்ணைத் தொட்டது. ஒரு வழியாக அளவு பிடிபட்டதும் துணி பிடிபடவில்லை. கைலித் துணி கருகியது. சாக்கு குழலுக்குள் இறங்க மறுத்தது. பழைய வேட்டி கிழிந்தே வெளியே வந்தது. கடைசியில் படுக்கையறையில் நீலக்கோடு போட்ட மெத்தையின் மூலையைக் கத்தரித்து, தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார். ஐந்து வெடி, குறிப்பலகையில் விழுந்த ஐந்து ஓட்டையையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம். ஆனந்தக் கண்ணீர் வழிந்தது.

அது தைப்பிங்கிலிருந்து புஷ்பராணியின் அப்பா தைத்தனுப்பிய கல்யாண மெத்தை. படுக்கப் போனவள் முகத்தில் இலவம்பஞ்சு பறந்தது. அவள் கத்தவில்லை. அதைவிடக் கொடுமையாக, மெல்ல அழுதாள். இனி மெத்தையைத் தொடமாட்டேன் என்று கிராணியார் முருகன் படத்தின் முன் சத்தியம் செய்தார்.

கடைசி ஞாயிறு. தோட்டமே கூடியிருந்தது. சத்தியத்தைக் காக்கும் கிராணியார் பழைய வேட்டித் துணியையே போட்டுக் கெட்டித்தார். முதல் குண்டு டின்னுக்கு மேலே போனது. இரண்டாவது பப்பாளி மரத்தில்.

"டின் பக்கத்துல நான் போய் நின்னாக்கூடப் பத்திரமா இருப்பேன், கிராணி!" என்றார் மானேஜர்.

"ஐயா, டின்ன கொஞ்சம் கிட்ட கொண்டாரவாலா?" என்றான் புல்வெட்டும் ஐயாவு. கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

வீட்டுப் படியில் நின்ற புஷ்பராணி சட்டென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் கத்தரிக்கோல். மறு கையில் நீலக்கோட்டுத் துணித்துண்டு.

"இந்தாங்கோ."

"நான் சத்தியம் பண்ணினனான், ராணி..."

"சத்தியம் பண்ணினது நீங்கள். வெட்டினது நான்." மானேஜர் பக்கம் திரும்பினாள். "என்ரை மனுசனைப் பார்த்துச் சிரிக்க இந்தத் தோட்டத்திலை எனக்கு மட்டுந்தான் உரிமை."

கிராணியார் கெட்டித்தார். சுட்டார். டின் துள்ளிக் கொக்கோ மரத்தடியில் விழுந்தது. புகைந்தபடி பறந்த துணித்துண்டை ஐயாவு எடுத்துப் பார்த்தான்.

"ஐயா, இது அம்மா வெயில்ல காயப்போடுற மெத்தைலா!"

கிராணியார் வீட்டு மானமெல்லாம் காற்றில் பறந்தது. மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுதோறும் இதே சோதனை என்று அதிலேயே ஒரு வரியும் சேர்த்தார்.

அதன்பின் ஏழு ஆண்டுகள் துப்பாக்கி கிராணியார் வீட்டிலேயே இருந்தது. அணில்கள் கொழுத்தன. சோதனை நாள் வந்தால் புஷ்பராணியே கத்தரிக்கோலை எடுப்பாள். ஆண்டுக்கு ஒரு துண்டு, அவர் படுக்கும் பக்கத்திலிருந்து மட்டும்.