பன்னிரண்டு சேனல் டிவியும் டெய்லர் அந்தோணியும்

டெய்லர் அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா எங்கள் கன்ட்ரோல் ரூமுக்குள் வந்து கத்தியபோதே, தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூர் நீலசந்திராவில் ஒரு கேபிள் ஆபரேட்டரிடம் நான் டெக்னீஷியன். பழைய டிவிகளில் பன்னிரண்டு சேனல்தான் பிடிக்கும். அதைப் பிரைம் பேண்டு என்போம். அதற்கு மேல் பார்க்கப் புது டிவி வேண்டும், இல்லையென்றால் டிவி மேல் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வைக்க வேண்டும். புதிதாக ஒரு பாட்டுச் சேனல் வந்ததும், அரசு சேனலைத் தூக்கி மேல் பேண்டில் போடச் சொன்னார் ஓனர். போட்டேன். அந்தோணி வீட்டுப் பழைய டிவியில் அரசு சேனல் நின்றுபோனது.

“அது ஆன்டெனாலயே வருமேம்மா,” என்றார் ஓனர்.

“ஆன்டெனா எங்கண்ணா இருக்கு? கேபிள் வந்தாச்சு, இனிமே இது எதுக்குன்னு இவர்தான் கழட்டி இரும்புக் கடையில போடச் சொன்னாரு!”

இவர் என்றால் நான். எல்லா வீட்டிலும் அதையே சொல்லியிருந்தேன்.

அந்தோணிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சேனலில் சைகையில் செய்தி வாசிப்பார்கள். யாரையும் கேட்காமல் அவராக நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்வது அப்போதுதான். இரண்டு வாரமாக அது இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஸ்டெல்லா போனதும், “மாத்தியே ஆகணும் சார்,” என்றேன்.

“ஒரு வீட்டுக்காக ஊரு பாட்டையே நிறுத்துவியா குரு? சும்னே, வீண் தலைவலி. அவங்க கன்வெர்ட்டர் வாங்கிக்கட்டும்.”

“இருந்தத நாம எடுத்துட்டு, அதுக்கு அவங்க பெட்டி வாங்கணுமா? நான் மாத்தப்போறேன். பிடிக்கலன்னா என்னை அனுப்பிடுங்க.”

ஓனர் என்னை முறைத்துப் பார்த்தார். “மாத்து. ஃபோன் வந்தா நீயே எடு.”

சேனல்களைக் கேபிளில் ஏற்றும் இரண்டு மாடுலேட்டர்களின் ஒயரை மாற்றிச் சொருக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திட்டு வாங்கியதுதான் மூன்று நாள். “பாட்டு எங்கய்யா போச்சு?” என்று கேட்ட புது டிவி வீடுகளுக்கெல்லாம் நானே போய் ட்யூன் செய்து கொடுத்தேன். பழைய டிவிக்காரர்கள் சிலர் வேறு ஆபரேட்டரிடம் போய்விட்டார்கள். அப்படியும் நான் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வீட்டுக்குப் போனேன். செய்தி முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் எழுந்து வந்து, என் தோளைத் தட்டி, விரலை நீட்டி ஏதோ காட்டினார்.

ஸ்டெல்லா சிரித்தார். “அடுத்த தடவ மாத்தறதுக்கு முன்னாடி என்னைக் கேளுன்னு சொல்றாரு.”

பின்னாளில் அரசு சேனல் பிரைம் பேண்டில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. பல வருஷம் கழித்து செட்டாப் பாக்ஸும் வந்தது. முதல் பெட்டியை அந்தோணி வீட்டில்தான் வைத்தேன். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்டினேன்.